உழைப்பும் உணவும்

கள்ளக்குறிச்சி நகருக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக ஓங்கி நிற்பது கல்வராயன் மலை. அம்மலைமீது அமைந்த ஊர்களுள் ஒன்று வெள்ளிமலை. அங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயர், கேரள நாட்டவரைக் குறிப்பதன்று.

முன்னாளில் அம்மலையின் ஆடவர் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றை விளைத்து உண்டனர். ஏர் உழுதலும், விறகு சுமத்தலும், மேடும் பள்ளமும் நடந்து கடத்தலும் அவர்தம் அன்றாடத் தொழில்கள். உணவு தந்த ஆற்றல் உழைப்பில் செலவாயிற்று. ஆதலின், உடல் பருத்தல் அரிதாயிற்று. எனினும் அவ்வாழ்வை இன்ப வாழ்வு என்று எண்ணுதல் கூடாது. விளைச்சல் பொய்த்தால் பசியே மிஞ்சும்.

இன்று மலைமேல் பேருந்து செல்கின்றது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கின்றது. இவை நன்மைகளே. ஆனால், நடை குறைந்த அளவிற்கு மனிதர் உணவு குறைவதில்லை. மலைக்கும் சமவெளிக்கும் இவ்வுண்மை பொது. தமிழ்நாட்டு ஆடவருள் மிகை எடை உடையோர் 2015-16இல் நூற்றுக்கு 28 பேர். 2019-21இல் 37 பேர். இது தேசியக் குடும்பநல ஆய்வு காட்டும் கணக்கு.

செலவாகாத உணவு உடலில் கொழுப்பாகத் தங்கும். ஆடவர்க்கு அது பெரும்பாலும் வயிற்றிலே சேரும். அங்ஙனம் சேர்ந்த கொழுப்பு நீரிழிவு, குருதி மிகையழுத்தம், இதய நோய் ஆகியவற்றிற்கு வழி வகுக்கும். இந்நோய்கள் தொடக்கத்தில் வலி தருவதில்லை. ஆதலால் பலர் காலங்கடந்தே அறிகின்றனர். குடும்பத்தைத் தாங்கும் ஒருவன் படுக்கையில் வீழ்ந்தால், வீடு முழுவதும் தளரும் அன்றோ?

எடையை அளந்தறிதல் எளிது. கிலோ கணக்கிலுள்ள எடையை, மீட்டர் கணக்கிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தல் வேண்டும். ஈவு 18.5க்குக் குறையின் மெலிவு. ஆசிய மக்களுக்கு 23ஐ எட்டும்போதே எச்சரிக்கை தேவை என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் உரைத்தது. 170 செ.மீ. உயரமுள்ள ஆடவனுக்கு 54 முதல் 66 கிலோ வரை ஏற்ற எடையாம். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்கு உட்பட்டிருத்தல் நன்று. இவ்வளவுகள் வளர்ந்தோர்க்கே உரியன. வளரும் மாணவர்க்கு அல்ல.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பது. முன்னர் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே வள்ளுவர் அங்கு வற்புறுத்துகின்றார். தவிடு நீக்காத சாமையில் நார்ச்சத்து மிகுதி. அது சிறிது உண்டாலும் பசியை நெடுநேரம் தணிக்கும். ஆயினும், சாமைச் சோறும் அளவு மிஞ்சினால் எடையைப் பெருக்கும். உணவை மாற்றினால் மட்டும் போதாது. உடலும் உழைத்தல் வேண்டும். கிழமைக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் விரைந்து நடத்தல் யாவர்க்கும் இயலும்.

அன்று மலைவாழ்க்கை வற்புறுத்திய உழைப்பை இன்று நாமே விரும்பி மேற்கொள்ளல் வேண்டும். இளமையில் பழகிய நடையும் அளவுணவும் முதுமையிலும் உடலைக் காக்கும்.