230 குதிரைக்குப் பதில் எது? கார் மாத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு

ஒரு வேகமான செடானை ஏழெட்டு வருஷம் ஓட்டினவங்களுக்கு அடுத்த கார் வாங்குறது, முதல் கார் வாங்குறதை விடக் கஷ்டம். கைக்கும் காலுக்கும் அந்த வேகம் பழகிப் போயிருக்கும். பிரோஷர்ல இருக்கிற ஒரே ஒரு நம்பரை நம்பி முடிவெடுத்தா, அஞ்சு வருஷம் இ.எம்.ஐ. கட்டிக்கிட்டே பழைய காரை நினைச்சு ஏங்க வேண்டியதுதான். இந்த முடிவை நம்ம சிலபஸ்ல படிச்ச பாடத்தை வச்சே எப்படி எடுக்கலாம்னு பார்ப்போம்.

உதாரணத்துக்கு எங்க பெரியம்மா பொண்ணு கேஸையே எடுத்துக்கலாம். அக்கா வேலை பார்க்கிறது கோயம்புத்தூர்ல, வீடு குன்னூர்ல. கையில இருக்கிறது 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். பட்ஜெட் எக்ஸ்-ஷோரூம் 20 லட்சம். மாசம் ரெண்டு தடவை மேட்டுப்பாளையம் மலைப்பாதை, பின் சீட்ல பெரியம்மா. "நீதானே மெக்கானிக்கல், நீயே சொல்லு"ன்னு கேட்டாங்க.

அதே மாதிரி புதுசு வாங்கலாமேன்னு தோணும். 2025-ல புது ஆக்டேவியா ஆர்.எஸ். வந்துச்சு. 265 பி.எஸ். பவர், விலை 49.99 லட்சம், மொத்தமே 100 கார். பட்ஜெட்டைப் போல ரெண்டரை மடங்கு. அதனால நிஜமான போட்டி ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி. 1.5-க்கும் ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போவுக்கும்தான். மூணாவதா ஒரு ஆளும் இருக்கு, அதைக் கடைசியில சொல்றேன்.

1. பவரை எடையால வகுங்க

ஆக்டேவியா ஆர்.எஸ். 230 பி.எஸ்., எடை சுமார் 1,450 கிலோ. டன்னுக்கு ஏறக்குறைய 159 பி.எஸ். வருது. விர்டஸ் 150 பி.எஸ்., வெர்னா 160 பி.எஸ். ரெண்டோட எடையும் சுமார் 1,250 கிலோன்னு வச்சுக்கிட்டா டன்னுக்கு 120, 128. விர்டஸ் சுமார் 25 சதவீதம் பின்தங்குது. இதோட நிறுத்தினா "ரெண்டுமே வேஸ்ட்"னு முடிவு பண்ணிடுவோம். ஆனா கணக்கு இன்னும் முடியல.

2. நீங்க ஓட்டுற ஆர்.பி.எம்.ல பாருங்க

பிரோஷர்ல போடுறது உச்ச பவர். ஆக்டேவியாவுல அது 4,700 ஆர்.பி.எம்.க்கு மேலதான் வரும். தினமும் ஆபீஸ் போகும்போது அங்கே யார் போறோம்? லாரியை முந்தும்போது கூட பெரும்பாலும் 2,500 பக்கம்தான் இருப்போம். அந்த இடத்துல என்ன பவர் கிடைக்குதுன்னு கண்டுபிடிக்க ஒரு ஃபார்முலா போதும்:

பவர் (கிலோவாட்) = டார்க் (நியூட்டன் மீட்டர்) × ஆர்.பி.எம். ÷ 9,549

ஒரு கிலோவாட்னா சுமார் 1.36 பி.எஸ். ஆக்டேவியாவுக்கு 1,500-லிருந்து 4,600 ஆர்.பி.எம். வரை 350 நியூட்டன் மீட்டர் டார்க் கிடைக்கும். விர்டஸுக்கு 1,600-லிருந்து 3,500 வரை 250. வெர்னாவுக்கு 1,500-லிருந்து 3,500 வரை 253. ஆக 2,500-ல மூணுமே முழு டார்க்கும் குடுக்குது.

போட்டுப் பார்த்தா ஆக்டேவியா 125 பி.எஸ்., விர்டஸ் 89, வெர்னா 90. எடையால வகுத்தா டன்னுக்கு 86, 71, 72. வித்தியாசம் 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமா குறைஞ்சிடுச்சு! பழைய காரோட பெரிய பலம் 3,500-க்கு மேலதான் இருக்கு. அங்கே நீங்க அடிக்கடி போற ஆளா இல்லையான்னு உங்களுக்குத்தான் தெரியும்.

3. ஏறுறதை விட இறங்குறதுதான் பரீட்சை

குன்னூர்லிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினா உயரம் சுமார் 1,500 மீட்டர் குறையுது. அந்த நிலை ஆற்றல் எங்கேயாவது போயாகணும். 100 கி.மீ. வேகத்திலிருந்து காரை முழுசா நிறுத்தினா வெளியேறுற இயக்க ஆற்றலோட இதை ஒப்பிடுங்க. எடை ரெண்டு பக்கமும் அடிபட்டுடும். மிச்சம் இருக்கிறது 9.81 × 1,500-ஐ, வேகத்தோட வர்க்கத்துல பாதியால வகுக்கிறதுதான். விடை 38!

அதாவது பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினா, 100-லிருந்து 38 தடவை காரை நிறுத்துற அளவு சூடு. இதுல பெரிய பங்கை இன்ஜினே எடுத்துக்கணும்னுதான் சின்ன கியர்ல இறங்கச் சொல்றாங்க. அதனால டெஸ்ட் டிரைவ்ல "ஜீரோவிலிருந்து நூறு எத்தனை செகண்ட்"னு கேட்கிறதை விட, கியரை நாமளே குறைச்சா சட்டுனு கேட்குதான்னு பார்க்கிறது முக்கியம். 2022-ல வந்த விர்டஸ்ல பின்னாடி டிரம் பிரேக். டாப் டர்போ வெர்னாவுல நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். பிரேக்கிங்ல பெரும் வேலை முன் சக்கரத்துக்குத்தான், ஆனா சூட்டை வெளியேத்துறதுல டிஸ்க் ஒரு படி மேல. இந்த ரூட்டுக்கு அது ஒரு மார்க்.

4. பின் சீட்டுக்கும் ஒரு ஓட்டு

ஆக்டேவியா ஆர்.எஸ்.ல பின்பக்கம் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். புது ரெண்டுலயும் டார்ஷன் பீம். இதுல ரெண்டு பின் சக்கரமும் ஒரே பீம்ல இணைஞ்சிருக்கும். ஒரு சக்கரம் குழியில இறங்கினா அந்த அசைவு மறுபக்கமும் போகும். டார்ஷன் பீம்னாலே மட்டம்னு சொல்லிட முடியாது. 2015 ஹோண்டா சிவிக் டைப்-ஆர் கூட பின்னாடி டார்ஷன் பீம்தான், அது நூர்பர்க்ரிங்ல முன்சக்கர கார்களுக்கான சாதனையைப் படைச்சது. ஆனா ரேஸ் டிராக் வேற, பெரியம்மா முதுகு வேற. டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டுப் போங்க, பின் சீட்ல உட்கார வைங்க.

5. ஒப்பீடு நியாயமா நடக்கணும்

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. புது கார்ல புது டயர், புது டேம்பர், புது ரப்பர் புஷ். நம்ம கார்ல எல்லாமே தேஞ்சது. அப்புறம் "புது கார் சூப்பரா இருக்கு"ன்னு சொன்னா, நாம ஒப்பிட்டது காரையா, டயரையா? டயர் பக்கவாட்டுல கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. டிரெட் இருந்தாலும் ரப்பர் வயசாக ஆக இறுகும், பிடிப்பு குறையும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும், அதனால அதோட கொதிநிலை இறங்கும். மலைப்பாதையில இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

6. மூணாவது ஆள்

அந்த மூணாவது ஆள், பழைய காரேதான். 15 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம்னு வச்சுக்கிட்டா மாசம் சுமார் 31,100 ரூபாய். வட்டி மட்டும் மொத்தம் 3.7 லட்சம் பக்கம். ஒரு வருஷ இ.எம்.ஐ.யும் கிட்டத்தட்ட அதே 3.7 லட்சம்தான். நான் அக்காவுக்குச் சொன்ன விதி இது: நல்ல மெக்கானிக்கிட்ட டயர், டேம்பர், புஷ், பிரேக், கியர்பாக்ஸ் ஆயில் எல்லாத்துக்கும் எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க. அது ஒரு வருஷ இ.எம்.ஐ.க்குள்ள வந்து, கார் இன்னும் ரெண்டு வருஷமாவது நல்லா ஓடும்னா, இப்போதைக்கு மாத்தாதீங்க. தாண்டிப் போச்சுன்னா, இந்த ரூட்டுக்கு என் ஓட்டு வெர்னா டர்போவுக்கு.

உங்க ரூட் வேறன்னா விடையும் மாறும். நெடுஞ்சாலையே கதின்னு இருக்கிறவங்களுக்கு முதல் கணக்கு முக்கியம், சிட்டிக்குள்ள ஓட்டுறவங்களுக்கு ரெண்டாவது, மலைக்குப் போறவங்களுக்கு மூணாவது. கேம்பஸ்ல ஆஃபர் லெட்டர் வாங்கின கையோட ஷோரூமுக்குக் கிளம்புற நண்பர்களே, பிரோஷரோட ஒரு கால்குலேட்டரையும் எடுத்துட்டுப் போங்க. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் போதும்.