கொடி கிடைக்கும், டிக்கெட் காசுக்கு வழி நீங்கள்தான் தேட வேண்டும்

பெர்முடாவின் மொத்தப் பரப்பு சுமார் 53 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 65,000-ஐத் தொடாது. சாலையில் வேக வரம்பு மணிக்கு 35 கிலோமீட்டர்; ஒரு டிரையத்லான் வீராங்கனை சமதளத்தில் அழுத்தி மிதித்தாலே அதைத் தாண்டிவிடுவார். அங்கிருந்து கிளம்பிய ஃப்ளோரா டஃபி 2021 ஜூலை 27 அன்று டோக்கியோவில் டிரையத்லானில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட தீவுதான் என்றாலும், பெர்முடாவுக்குத் தனி ஒலிம்பிக் கமிட்டி உண்டு. டஃபிக்கு முன் அந்தத் தீவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம், 1976 மாண்ட்ரியலில் கிளாரன்ஸ் ஹில் குத்துச்சண்டையில் வாங்கிய வெண்கலம்.

ஒலிம்பிக் டிரையத்லான் என்றால் நீச்சல் 1.5 கிலோமீட்டர், சைக்கிள் 40, ஓட்டம் 10. சிறு தீவிலிருந்து இதைத் தொழிலாக எடுக்க நினைப்பவர், அந்தத் தங்கத்தைவிட அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

கொடியின் மதிப்பு

முதலில் சாதகமான பக்கம். ஒலிம்பிக் டிரையத்லானில் ஆண், பெண் பிரிவுகளுக்குத் தலா 55 இடங்கள். ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் மூன்று பேருக்கு மேல் கிடையாது. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ நான்காவது இடத்தில் இருப்பவர், உலகின் முன்னணி வரிசையில் இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டியதுதான். தீவுக்காரருக்கு அந்த உள்நாட்டுப் போட்டி இல்லை. போதாததற்கு, இன்னும் யாரும் தகுதி பெறாத நாடுகளுக்கென்று கண்டத்துக்கு ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். தரவரிசையில் ஓரளவு மேலே இருந்தால் போதும்.

ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே அணியாக ஓடும் கலப்பு ரிலே போட்டி வந்தபிறகு கணக்கு இறுகிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் வேண்டும். தகுதி பெறும் நாடுகளுக்குத் தனிநபர் போட்டியிலும் அந்த இடங்கள் சேர்ந்தே கிடைக்கின்றன. நான்கு பேரைத் திரட்ட முடியாத தீவுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, தனிநபர் போட்டி நடக்கும் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் உங்கள் கையில்.

பெரிய நாடு ஒன்று உங்களை அழைக்கவும் கூடும். டஃபியை பிரிட்டன் அழைத்தது, அவர் மறுத்தார். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு, வெறும் தொழில் முடிவாகப் பார்த்தாலும் அது சரி என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். பெரிய அணியில் ஒரு மோசமான பருவம் போதும், உங்கள் இடத்துக்கு ஆள் தயாராக நிற்பார்.

எங்கே பயில்வது?

கடல் சுற்றியிருப்பதால் நீச்சல் கைகூடிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஐம்பது பேர் ஒரே மிதவையை நோக்கிப் பாய்ந்து, தோளும் முழங்கையும் இடித்துக்கொள்ளும் நெரிசலைத் தனியாகப் பயில முடியாது. ஒலிம்பிக் வகைப் போட்டியில் ஒருவர் பின்னால் ஒருவர் காற்றுமறைவில் சைக்கிள் ஓட்டலாம். அதனால் தண்ணீரை விட்டு எழும்போது முன்கூட்டத்தைச் சில வினாடிகளில் தவறவிட்டால், 40 கிலோமீட்டரும் துரத்துவதிலேயே போய்விடும். ஒரு சுற்று பின்தங்கினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் சில வினாடிகள் உடை மாற்றும் இடத்திலும் கைநழுவும். சைக்கிள் ஷூ முன்பே பெடலில் மாட்டியிருக்கும். அது தொங்கித் தரையில் உரசாமலிருக்க மெல்லிய ரப்பர் பேண்டால் சட்டத்தோடு பிடித்திருப்பார்கள். முதல் அழுத்தலில் பேண்ட் அறுந்துவிடும். ஓடும் சைக்கிளிலேயே ஈரக்காலை ஷூவுக்குள் நுழைக்க வேண்டும். ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளை எடுத்தால் தண்டனை. இந்த ஒரு வேலைக்குத் தீவின் காலி வாகன நிறுத்தமே போதும், தினமும் செய்யுங்கள்.

மற்றதற்கெல்லாம் வெளியே போயாக வேண்டும். டஃபி அமெரிக்காவின் கொலராடோவில், சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள போல்டரிலும், தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷிலும் மாறி மாறிப் பயின்றார். ஒன்றில் குளிர் வரும்போது மற்றதில் கோடை. கணவர் டான் ஹ்யூகோ தென்னாப்பிரிக்க டிரையத்லான் வீரராக இருந்தவர். இடம் தேடுவோர் ஊரின் அழகைப் பார்க்க வேண்டாம்: உங்களைவிட வேகமானவர்கள் அங்கே இருக்கிறார்களா, விசா எத்தனை மாதம், வாடகை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

பணம்

பரிசுத்தொகையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. டிரையத்லானின் முதன்மைப் போட்டி வரிசையான உலகத் தொடரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமப் பரிசு என்பது இந்த விளையாட்டின் பெருமை. ஆனால் தொகை முன்வரிசையோடு மெலிந்துவிடும். கண்ட அளவிலான கோப்பைப் போட்டிகளில் வென்றாலும் விமானச் செலவு தேறுவது கஷ்டம், அதில் சைக்கிள் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வேறு. ஆகவே பன்னாட்டு ஒலிம்பிக் கமிட்டியின் ஒலிம்பிக் சாலிடாரிட்டி உதவித்தொகைக்கு உங்கள் நாட்டுக் கமிட்டி வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அடுத்து, உள்ளூர் நிறுவனங்களின் கதவைத் தட்டுங்கள். பெர்முடாவில் காப்பீட்டுத் தொழில் பெரிது. 2018-இல் உலகத் தொடர்ப் போட்டி முதன்முதலாக அந்தத் தீவுக்கு வந்தபோது பெயர் கொடுத்தது எம்எஸ் ஆம்லின் என்ற காப்பீட்டு நிறுவனம்தான். தன் மண்ணில் நடந்த அந்தப் போட்டியில் டஃபியே வென்றார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டஃபி காட்டுப்பாதையில் நடக்கும் எக்ஸ்டெர்ரா டிரையத்லான் போட்டிகளையும் விடவில்லை. 2014 முதல் தொடர்ந்து நான்கு ஆண்டு அதில் உலகப் பட்டம் வென்றார். கரடுமுரடான இறக்கங்களில் கைவந்த சைக்கிள் லாவகம்தான், ஈரச் சாலையில் நடந்த டோக்கியோப் போட்டியில் அவரை நிதானமாக வைத்திருந்தது என்பது என் கணிப்பு. இப்படி இரண்டாவதாக எடுக்கும் போட்டி வகை வருமானத்தோடு திறமையையும் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் அது வெறும் அலைச்சல்.

விழும் ஆண்டுகள்

2006-இல் ஜூனியர் உலகப் போட்டியில் டஃபிக்கு வெள்ளி. 2008 பெய்ஜிங்கில் பாதியில் விலகல். டஃபி அதோடு விளையாட்டையே விட்டுவிட்டுப் போல்டரில் பல்கலைக்கழகம் சேர்ந்தார். திரும்பி வந்து 2012 லண்டனில் சைக்கிளிலிருந்து விழுந்து 45-ஆவது இடம். 2016 ரியோவில் எட்டாவது; அதே ஆண்டு செப்டம்பரில் முதல் உலகத் தொடர்ப் பட்டம். ஜூனியர் வெள்ளியிலிருந்து அதற்குப் பத்து ஆண்டு. இருபது வயதில் பலன் இல்லை என்று ஒரு பிள்ளையின் பெயரை நீக்கும் சங்க நிர்வாகிகள் இந்தத் தேதிகளை எழுதி மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டும். படிப்புக்காக ஒதுங்குவதைத் தப்பி ஓடுவதாகவும் நினைக்க வேண்டாம், திரும்பி வரக் கதவைத் திறந்து வைத்தால் போதும்.

2018-இல் பாதக் காயம்; ஓராண்டுக்கு மேல் போட்டி இல்லை. 2019 ஆகஸ்டில் டோக்கியோ ஒத்திகைப் போட்டிக்கு வந்தார். முன்னால் போன இரு பிரிட்டன் வீராங்கனைகள் கைகோத்தபடி கோட்டைக் கடந்தார்கள்; வேண்டுமென்றே சமனாக முடிப்பது விதிமீறல் என்பதால் இருவரும் நீக்கப்பட, மூன்றாவதாக வந்த டஃபிக்கு வெற்றி. விதிப்புத்தகத்தை விளம்பர ஒப்பந்தத்தைப் போலவே வரி வரியாகப் படியுங்கள். ஒப்பந்தத்தில், காயத்தால் போட்டியிடாத மாதங்களுக்குத் தொகை குறையுமா என்ற விதியைக் கையெழுத்துக்கு முன் பேசி முடித்துவிடுங்கள்.

முப்பதைத் தாண்டிவிட்டதே என்று அஞ்ச வேண்டாம். டோக்கியோவில் அவருக்கு வயது 33. முழங்கால் காயத்திலிருந்து மீண்டு 2024 பாரிஸில் ஐந்தாவதாக வந்தார். அதே தீவின் டைலர் பட்டர்ஃபீல்டு, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் பல ஆண்டு கழித்து 180 கிலோமீட்டர் சைக்கிளும் முழு மாரத்தானும் கொண்ட அயர்ன்மேன் உலகப் போட்டியில் முதல் பத்துக்குள் வந்தார், பிறகு 2016-இல் ஒலிம்பிக்குக்கும் போனார். குறுந்தொலைவில் வேகம் குறையும் ஆண்டிலேயே நெடுந்தொலைவுக்கு ஒரு பருவத்தை ஒதுக்கிச் சோதித்துப் பாருங்கள். அதற்குப் பயிற்சியாளரும் சைக்கிளும் வேறு, செலவும் வேறு.