பயிரினுள் நோய் புகும் வழி: கேழ்வரகுக் குலைநோய் தரும் பாடம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் சந்தாபுரா என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து ஆனேகல் செல்லும் சாலையின் இருமருங்கிலும் இன்று கட்டடங்கள் பெருகிவிட்டன. எனினும், ஆனேகல் வட்டத்தின் உட்கிராமங்களில் மழையை நம்பிக் கேழ்வரகு பயிரிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இப்பயிரைத் தாக்கும் நோய்களுள் தலையாயது குலைநோய். கன்னடம் பேசும் உழவர் இதனைப் 'பெங்கி ரோக', அதாவது நெருப்பு நோய், என்பர். கருகிய கதிரைக் கண்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். ஆயினும் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். நெருப்பு பற்றியவுடன் கண்ணுக்குப் புலனாகும். நோய் புலனாகும்பொழுதோ அதன் வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். அவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நோய்க்குக் காரணம் யாது?

பயிர் நோய்கள் தீய காற்றாலும் கெட்ட பருவத்தாலும் தாமே தோன்றுவன என்று முற்காலத்தில் பலர் எண்ணினர். 1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் விளைந்தபொழுதும் இவ்வெண்ணமே மேலோங்கியிருந்தது. நுண்ணுயிரே அந்நோயின் காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் அந்தோன் தெ பாரி 1861-இல் சோதனை வாயிலாக மெய்ப்பித்தார். இந்தியாவில் கேழ்வரகுக் குலைநோயைத் தஞ்சை வட்டாரத்தில் கண்டு 1920-இல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் மக்ரே என்பவராவார்.

நோய் உண்டாக்கும் உயிர்களுள் பூசணங்கள், பாக்டீரியாக்கள், வைரசுகள் ஆகியன முக்கியமானவை. இவை பயிரினுள் புகும் வழிகள் வேறுவேறு. பாக்டீரியாவுக்குத் தோலைத் துளைக்கும் ஆற்றல் இல்லை. இலைத்துளைகள், இலை ஓரத்து நீர்த்துளைகள், காயங்கள் ஆகிய திறந்த வாயில்களின் வழியே அது புகுகிறது. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய் இதற்குச் சான்று. வைரசுகளுட் பல பூச்சிகளின் துணையை நாடுகின்றன. நெல்லின் துங்ரோ நோயைப் பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது. குலைநோய்ப் பூசணமோ மூடிய கதவையே உடைத்துக்கொண்டு உட்புகுகிறது.

புகுமுறை

இப்பூசணத்தின் வித்துகள் மூன்று அறைகள் உடையனவாய், பேரிக்காய் வடிவில் இருக்கும். அவை காற்றில் மிதந்து வந்து இலைமீது படிகின்றன. ஈரம் பட்டதும் வித்தின் நுனியிலிருந்து ஒரு பசை கசிந்து, அதனை இலையின்மேல் ஒட்டவைக்கிறது. சில மணி நேரத்தில் வித்து முளைத்து ஒரு சிறு குழலை நீட்டுகிறது. அக்குழலின் முனை பருத்து, கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒட்டுறுப்பாக மாறுகிறது.

ஒட்டுறுப்பின் சுவரில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் படிகிறது. உள்ளே கிளிசரால் மிகுதியாகச் சேருகிறது. நீர் உள்ளே ஈர்க்கப்படுகிறது. கிளிசரால் வெளியேற மெலனின் படலம் இடந்தருவதில்லை. இதனால் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு வரை உயர்கிறது. மோட்டார் வண்டியின் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2 மடங்கே என்பதை ஒப்பிட்டுப் பார்க்க. இவ்வழுத்தத்தின் துணையால் ஒட்டுறுப்பின் அடியிலிருந்து ஊசிபோன்ற முளை இலைத்தோலைத் துளைக்கிறது. வித்து படிந்ததிலிருந்து இதுவரை ஏறத்தாழ ஒரு நாளே ஆகிறது.

உட்புகுந்த பூசணம் உயிரணுக்களை உடனே கொல்வதில்லை. பயிரின் தற்காப்பை அடக்கும் புரதங்களைச் சுரந்து, அணுவிலிருந்து அணுவுக்குப் பரவுகிறது. பிறகே அவ்வணுக்கள் மடிகின்றன. சில நாட்கள் கழித்துச் சாம்பல்நிற நடுவும் பழுப்பு விளிம்பும் கொண்ட கதிர்க்கோல் வடிவப் புள்ளி தோன்றுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணற்ற புதிய வித்துகள் உண்டாகி, அண்டைப் பயிர்களைச் சேர்கின்றன.

இழப்பு எங்கே நேர்கிறது?

இலைப்புள்ளிகளைப் பயிர் ஓரளவு தாங்கும். நாற்றுப் பருவத்தில் மிகுந்தால் நாற்றுகள் மடியும். கதிர் வெளிவரும் காலத்தில் கழுத்தைத் தாக்குவதே பெருங்கேடு. கழுத்துப்பகுதி கருத்ததும் நீரும் உணவும் மேலே செல்லும் வழி அடைபடுகிறது. மணிகள் பதராகின்றன, அல்லது சுருங்குகின்றன. சில கதிர்கள் ஒடிந்து தொங்குகின்றன. விரல்களைத் தாக்கினால் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகும். கழுத்து கருத்த கதிரை மீட்கும் மருந்து எதுவும் இல்லை. பல மாத உழைப்பு அத்துடன் வீணாகிறது.

மூன்றும் கூடினாலே நோய்

நோய்க்கிருமி, நோய்க்கு இடந்தரும் பயிர், ஏற்ற பருவம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடினாலன்றி நோய் பரவாது. மிதமான வெப்பம், மேகமூட்டம், இலையில் பல மணி நேரம் தங்கும் பனி ஆகியவை குலைநோய்க்கு உகந்தவை. பருவத்தை மாற்றுதல் நம்மால் இயலாது. ஏனைய இரண்டையும் ஓரளவு கட்டுப்படுத்தலாம்.

முதலாவது, எதிர்ப்புத்திறன் உள்ள இரகத்தைத் தேர்ந்தெடுத்தல். பெங்களூர் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் அளித்த ஜி.பி.யு. 28 குலைநோயைத் தாங்குவதாற் பெயர் பெற்றது. இரண்டாவது, நோயற்ற வயலின் விதையையே கொண்டு, அதனை நேர்த்தி செய்து விதைத்தல். ஒரு கிலோ விதைக்குச் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் 10 கிராம் கலத்தல் பரிந்துரைக்கப்பட்ட முறையாகும். மூன்றாவது, தழைச்சத்தை அளவுக்கு மேல் இடாமை. மிகுந்தால் பயிர் மென்மையுற்று நோய்க்கு எளிதில் இரையாகும். நான்காவது, வரப்பிலுள்ள களைப்புற்களையும் நோயுற்ற தாளையும் அகற்றுதல். மருந்து தெளித்தல் தேவையாயின், கழுத்து கருக்கும்வரை காத்திராமல், இலைப்புள்ளி கண்டவுடனும் பூக்கும் தருணத்திலும் அவ்வட்டாரப் பரிந்துரையின்படி தெளித்தல் வேண்டும்.

முன்கூட்டிக் காத்தல் என்னும் இந்நெறி கர்நாடகத்துக்குப் புதிதன்று. 1908-இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்த லெஸ்லி கோல்மன், பாக்கு மரத்தின் கொளெரோக நோயை ஆராய்ந்தார். மழை வலுப்பதற்கு முன் பாக்குக் குலைகளின்மேல் போர்டோக் கலவையைத் தெளித்து நோயைத் தடுக்கலாம் எனக் காட்டினார்.

விழிப்பு என்றும் தேவை. குலைநோய்ப் பூசணத்தின் ஒரு பிரிவு 1985-இல் பிரேசில் நாட்டில் கோதுமையைத் தாக்கியது. 2016-இல் வங்காளதேசத்திலும் தோன்றியது.

ஆசிரியர்க்கு ஒரு சோதனை

புள்ளி விழுந்த கேழ்வரகு இலையைச் சிறு துண்டுகளாக்குக. ஈரத்தாள் விரித்த கண்ணாடித் தட்டில் இட்டு மூடி, ஓரிரவு வைத்திருக்க. மறுநாள் புள்ளியின்மேல் சாம்பல்நிற வளர்ச்சி காணலாம். அதனைச் சிறிது எடுத்து, ஒரு துளி நீரில் இட்டு நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கிக் காட்டினால், பேரிக்காய் வடிவ வித்துகளை மாணவர் நேரிற் காண்பர். சோதனை முடிந்ததும் இலைத்துண்டுகளை எரித்துவிடுக.

களப்பணியாளர் வயலுக்குச் செல்லும்பொழுது கதிரை மட்டும் பார்த்துத் திரும்புதல் போதாது. நாற்றங்காலில் இலையையும், காலைப் பனி எத்துணை நேரம் தங்குகிறது என்பதையும் நோக்கிக் குறித்து வருதல் வேண்டும். அக்குறிப்பு உரிய நாளில் உழவரைச் சென்றடையுமாயின் கதிரைக் காக்கலாம்.