எந்த பஸ்ஸைப் பிடிப்பது?

ஓர் ஆர்டுவினோ ஊனோ போர்டு. நேரம் காட்ட டிஎஸ்3231, அசைவை அளக்க எம்பியு6050. தனித்தனியே மாட்டினால் இரண்டும் ஒழுங்காகப் பேசுகின்றன. சேர்த்து மாட்டியதும் நேரம் தாறுமாறாகிறது, அசைவுக் கணக்கும் உளறுகிறது. ப்ராஜெக்ட் செய்யும் மாணவர் நிரலை நான்கு முறை திருத்திப் பார்ப்பார். பிழை அங்கே இல்லை. இரண்டு சிப்களுக்கும் பிறவி முகவரி ஒன்றே: ஹெக்ஸ் கணக்கில் 68. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? எம்பியு6050-இல் உள்ள ஏடி0 பின்னை 3.3 வோல்ட்டில் இணைத்தால் அதன் முகவரி 69 ஆகிவிடும். தகராறு அதோடு தீர்ந்தது.

மைக்ரோகண்ட்ரோலரும் சுற்றியுள்ள சிப்களும் பேசிக்கொள்ளும் பொது வழிக்கு பஸ் என்று பெயர். எதைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போது பலரும் முதலில் வேகத்தைப் பார்க்கிறார்கள். வேகம் மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் வயர் எவ்வளவு தூரம் போகிறது. அடுத்து போர்டில் எத்தனை பின் மிச்சம்.

வயர் ஒரு டப்பாவுக்குள்ளேயே முடிகிறது, சென்சார்கள் மெதுவானவை என்றால் ஐ2சி போதும். பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கியது. தரவுக்கு எஸ்டிஏ, கிளாக்குக்கு எஸ்சிஎல் என்று இரண்டே கம்பி. 7 பிட் முகவரியில் ஒதுக்கப்பட்டவை போக 112 சிப்களை அழைக்கலாம். இந்தக் கம்பிகளைக் கீழே இழுக்க மட்டுமே சிப்களுக்குத் தெரியும். மேலே தூக்கி நிறுத்துவது புல்-அப் ரெசிஸ்டரின் வேலை. ஐ2சி தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

கடையில் வாங்கும் மாட்யூல்களில் பெரும்பாலும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை முன்பே பற்ற வைத்திருப்பார்கள். அப்படி நான்கு மாட்யூலை ஒரே கம்பியில் சேர்த்தால் நான்கும் இணையாகி ஏறக்குறைய 1.2 கிலோ ஓம் ஆகிவிடும். 5 வோல்ட்டில் அந்தக் கம்பியைக் கீழே இழுக்க 4 மில்லி ஆம்பியர் அளவுக்கு விழுங்க வேண்டும். சாதாரண ஐ2சி சிப்புக்கு விதி உறுதி சொல்வதோ 3 மில்லி ஆம்பியர்தான். இரண்டு மாட்யூல்களில் ரெசிஸ்டரைக் கழற்றிவிடுவதே வைத்தியம். நேர்மாறான தவறும் உண்டு: வெளியே ரெசிஸ்டரே போடாமல், ஊனோவின் சிப்புக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் புல்-அப்பை நம்புவது. மேசை மேல் வேலை செய்யும்; வயரைக் கொஞ்சம் நீட்டினால் சிக்னல் ஏறுவதற்குள் அடுத்த பிட் வந்துவிடும்.

இன்னொரு வியாதி: சென்சாரைப் படித்துக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோலர் ரீசெட் ஆகிறது. சென்சாருக்கு அது தெரியாது. எஸ்டிஏ-வைக் கீழே பிடித்தபடி அடுத்த கிளாக் துடிப்புக்குக் காத்திருக்கும். பஸ் முழுதும் முடங்கும். ரீசெட் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. எஸ்சிஎல்-இல் 9 துடிப்பு கொடுத்தால் பிடி விடும். அந்தச் சில வரிகளைத் தொடக்க நிரலிலேயே எழுதி வைப்பது நல்லது.

எஸ்பிஐ என்றதும் வங்கி நினைவுக்கு வரலாம். இது மோட்டோரோலா 1980-களில் கொண்டுவந்தது. கிளாக், கண்ட்ரோலர் அனுப்பும் மோசி, சிப் பதில் தரும் மிசோ என மூன்று கம்பி எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு சிப்பையும் அழைக்கத் தனியாக ஒரு சிஎஸ் பின். ஐந்து சிப் என்றால் எட்டு பின் போய்விடும். அவ்வளவு செலவு எதற்கு? 320-க்கு 240 அளவுள்ள வண்ணத் திரையை ஒருமுறை நிரப்ப 1,53,600 பைட் தேவை. 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி-யில் அதற்கு மூன்றரை வினாடி பிடிக்கும். 40 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ 31 மில்லி வினாடியில் முடிக்கும். சின்ன 128-க்கு 64 கறுப்பு வெள்ளை ஓஎல்இடி-க்கோ 1,024 பைட்தான். ஐ2சி-யே 23 மில்லி வினாடியில் அனுப்பிவிடும். அதற்குப் போய் எஸ்பிஐ வாங்குவது பின்னை வீணடிப்பது.

எஸ்பிஐ-யில் 'வந்து சேர்ந்தது' என்று யாரும் பதில் சொல்வதில்லை. சிப்பே இல்லாவிட்டாலும் கண்ட்ரோலர் 255 என்றோ 0 என்றோ எதையோ படித்துக்கொண்டு போகும். மலிவான சில எஸ்டி கார்டு மாட்யூல்கள் தங்கள் முறை முடிந்த பிறகும் மிசோவை விடாது. கூட இருக்கும் திரையையோ சென்சாரையோ குறை சொல்லும் முன் கார்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

யுஆர்ட் இருவருக்கு மட்டுமான பேச்சு. ஜிபிஎஸ், ஜிஎஸ்எம் மாட்யூல் எல்லாம் இதில்தான் வரும். கிளாக் கம்பி கிடையாது. இரு பக்கமும் வேகம் ஒத்துப்போக வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஊனோவில் 9,600 கிட்டத்தட்டத் துல்லியமாக வரும். 1,15,200-க்கோ இரட்டை வேக முறையிலும் 2.1 சதவீதம் பிசகும். ஊனோவின் ஒரே யுஆர்ட் 0, 1 பின்களில் இருக்கிறது; நிரல் ஏற்றும் யுஎஸ்பி-யும் அதே வழிதான். அங்கே ஜிபிஎஸ்ஸை மாட்டிவிட்டு அப்லோட் ஆகவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம்.

ஈஎஸ்பி32-க்கு மாறினால் பின்கள் அதிகம், பொறிகளும் அதிகம். 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டுமே. சிஎஸ்-ஐ அங்கே கொடுத்தால் திரை எழும்பாது. 12-ஆம் பின்னை ஏதாவது மாட்யூல் மேலே இழுத்தால், ஃப்ளாஷ் மின்னழுத்தம் 1.8 வோல்ட் என்று தவறாக முடிவாகி பல போர்டுகள் பூட் ஆகாது. இது 3.3 வோல்ட் சாதனம் என்பதால் 5 வோல்ட்டுக்குப் புல்-அப் போட்ட ஐ2சி மாட்யூலை அப்படியே இணைக்கவும் கூடாது.

வயர் டப்பாவை விட்டு வெளியேறினால் கதை மாறும். வீட்டிலிருந்து கிணற்று மோட்டார் வரை போக வேண்டும் என்றால் ஆர்எஸ்-485. இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தையே படிப்பதால் இரைச்சல் பெரிதாகப் பாதிக்காது. குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். மேக்ஸ்485 சிப்பில் டிஇ என்ற பின் பேசும் முறையைத் தீர்மானிக்கிறது. அனுப்பும் பஃபர் காலியானதுமே அதைக் கீழிறக்கினால் கடைசி பைட் பாதியில் அறுந்துவிடும். அது இன்னும் வயரில் போய்க்கொண்டிருக்கும். கடைசி பிட் வெளியேறும் வரை பொறுக்க வேண்டும்.

பலர் ஒரே நேரத்தில் பேச நேர்ந்தால் கேன். தண்ணீர் கேன் அல்ல, பாஷ் நிறுவனம் 1986-இல் டெட்ராய்ட்டில் வெளியிட்டது. இதில் 0, 1-ஐ வெல்லும். இரண்டு செய்திகள் மோதினால் சிறிய எண் உள்ளது சேதமின்றித் தொடரும், மற்றது தானே ஒதுங்கும். ஆர்எஸ்-485-இல் இந்த நாகரிகத்தை நிரல் எழுதுபவர்தான் கட்ட வேண்டும். ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் மோட்டார் வேலைக்கு கேன் தேவையில்லை.

இரண்டிலும் வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். கேன் வயரை மின்சாரத்தை அணைத்துவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது. 40 காட்டினால் நடுவில் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்.