படிப்படியாக மாறும் விற்பனைக் கணக்கு

'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. பினாங்கிற்கு வணிகம் செய்ய வந்த தமிழர்களுடன் கணக்கெழுதும் பழக்கமும் வந்தது. ஜார்ஜ்டவுனில் இயங்கிய நகரத்தார் கிட்டங்கிகளில் அன்றாடப் பற்றுவரவுகள் குறிப்பேட்டில் பதியப்பட்டுப் பின்னர்ப் பேரேட்டிற்கு மாற்றப்பட்டன. மளிகைக் கடைகளில் கடன் கணக்கு '555' எனும் சிறு புத்தகத்தில் எழுதப்பட்டது. காலப்போக்கில் கல்லாப் பொறியும் கணினியும் வந்தன. கருவிகள் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு விற்பனையின் விவரமும் கடைக்குள்ளேயே இருந்தது. ஆண்டுக் கணக்கின் மொத்தத் தொகைகளே வரி அலுவலகத்திற்குச் சென்றன.

இந்த நிலை இப்போது மாறி வருகிறது. உள்நாட்டு வருமான வரி வாரியம் 'மைஇன்வோய்ஸ்' எனும் இணையத் தளத்தின்வழி மின்னியல் விலைப்பட்டியல் முறையை நடைமுறைப்படுத்தியுள்ளது. இம்முறையில் விற்பவர், வாங்குபவர், பொருள், விலை, வரி முதலிய விவரங்களை வணிகர் தளத்திற்கு அனுப்புகிறார். தளம் அவற்றைச் சரிபார்த்துத் தனி அடையாள எண் வழங்குகிறது. அதன் பின்னரே அந்த விலைப்பட்டியல் செல்லுபடியாகும். அதில் அச்சிடப்படும் கியூஆர் குறியீட்டை வருடி எவரும் அதன் உண்மைத்தன்மையை அறியலாம். பிழை இருந்தால் 72 மணி நேரத்திற்குள் வாங்குபவர் அதை நிராகரிக்கக் கோரலாம். விற்பவர் இரத்து செய்யலாம்.

இவ்வளவு பெரிய மாற்றத்தை நாட்டிலுள்ள எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் கொண்டுவர முடியுமா? 2015 ஏப்ரல் 1ஆம் நாள் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நாடு முழுவதும் ஒரே நாளில் நடப்புக்கு வந்தது. ஆண்டு விற்பனை 500,000 ரிங்கிட்டைத் தாண்டிய வணிகர்கள் பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடின்றி அன்றே தயாராக இருக்க வேண்டியிருந்தது. 2018 ஜூன் 1ஆம் நாள் அந்த வரி சுழியமாக்கப்பட்டபோது, அவர்கள் பற்றுச்சீட்டு முறையை மீண்டும் மாற்றினார்கள்.

மின்னியல் விலைப்பட்டியலுக்கு வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆண்டு விற்பனையின் அளவைப் பொறுத்து வணிகங்கள் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டன.

முதல் கட்டம்: 100 மில்லியன் ரிங்கிட்டிற்கு மேல் – 2024 ஆகஸ்டு 1
இரண்டாம் கட்டம்: 25 மில்லியனுக்கு மேல் 100 மில்லியன் வரை – 2025 ஜனவரி 1
மூன்றாம் கட்டம்: 5 மில்லியனுக்கு மேல் 25 மில்லியன் வரை – 2025 ஜூலை 1
நான்காம் கட்டம்: 1 மில்லியன் முதல் 5 மில்லியன் வரை – 2026 ஜனவரி 1

முன்னர் வெளியிடப்பட்ட ஒரு கால அட்டவணையில், 25 மில்லியனுக்குக் குறைந்த விற்பனையுள்ளவர்கள் அனைவரும் 2025 ஜூலையிலேயே இணைய வேண்டும் என்றிருந்தது. சிறு வணிகர்களுக்குக் கூடுதல் கால அவகாசம் தேவை என்பதால் அந்தக் கட்டம் பின்னர் மேலும் பிரிக்கப்பட்டது. ஆண்டு விற்பனை 1 மில்லியன் ரிங்கிட்டிற்குக் குறைவான வணிகங்களுக்குப் பொதுவாக விலக்கும் அளிக்கப்பட்டது. ஆகவே, திட்டம் கடைகளை மாற்றியதைப் போலவே கடைகளின் நிலையும் திட்டத்தை மாற்றியது எனலாம்.

இதன் பயனை ஜார்ஜ்டவுன் 'லிட்டல் இந்தியா' பகுதியை மனத்திற்கொண்டு சிந்திப்போம். ஆண்டுக்கு 3 மில்லியன் ரிங்கிட் விற்பனை செய்யும் ஒரு ஜவுளிக்கடை அங்கு இருப்பதாகக் கொள்வோம். அது நான்காம் கட்டத்தைச் சேர்ந்தது. ஆனால், அக்கடைக்குத் துணி அனுப்பும் பெரிய மொத்த வணிகர் முந்திய கட்டத்திலேயே இணைந்திருப்பார். ஆகவே, கடைக்காரர் மின்னியல் விலைப்பட்டியலைத் தாம் வெளியிடுவதற்கு முன்பே பிறரிடமிருந்து பெற்றுப் பழகிவிடுகிறார். மேலிருந்து கீழாக மாற்றம் நகர்வதால், முன்னே செல்பவரின் அனுபவம் பின்னே வருபவருக்குப் பாடமாகிறது.

அக்கடையில் 120 ரிங்கிட்டிற்குச் சேலை வாங்குபவர் தம் பெயரில் மின்னியல் விலைப்பட்டியல் கேட்கவில்லை என்றால், வழக்கமான பற்றுச்சீட்டே போதும். அத்தகைய விற்பனைகளை ஒன்றுதிரட்டி, மாதம் முடிந்த ஏழு நாள்களுக்குள் ஒரே விலைப்பட்டியலாக அனுப்பலாம். ஆனால், ஒரு தங்கும் விடுதி 12,000 ரிங்கிட்டிற்குத் திரைச்சீலைகள் வாங்கினால் அவ்வாறு திரட்ட இயலாது. 10,000 ரிங்கிட்டிற்கு மேற்பட்ட ஒவ்வொரு விற்பனைக்கும் தனி விலைப்பட்டியல் தேவை.

படிப்படியான மாற்றத்திலும் சிரமங்கள் உண்டு. பல ஆண்டுகளாகக் கையால் கணக்கெழுதிய முதிய வணிகருக்குக் கணினித் திரை புதிது. தளத்தைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை எனினும் கணினி, இணையச் சேவை, பணியாளர் பயிற்சி ஆகியவற்றிற்குச் செலவாகும். தேதிகள் மாற்றப்படும்போது முன்கூட்டியே ஆயத்தமானவர்கள் குழப்பமடைவதும் உண்டு. எனவே, கால அவகாசம் வழங்குவது மட்டும் போதாது. அந்த அவகாசத்தில் கற்றுக்கொடுப்பாரும் வேண்டும். பல கடைகளில் அந்தப் பொறுப்பை ஏற்பவர்கள் உங்களைப் போன்ற இளையோரே.

ஒரே விதி எல்லாருக்கும் பொருந்துவது நேர்மை. அந்த விதியைப் பின்பற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆற்றலுக்கேற்ற காலத்தைக் கொடுப்பதும் நேர்மையே. பேரேட்டிலிருந்து திரைக்கு மாறும் இக்காலத்தில் கடைசிப் படியில் நிற்பவரும் ஏறிவிட்டாரா என்பதைக் கொண்டே இம்மாற்றத்தின் வெற்றியை நாம் மதிப்பிட வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
கிட்டங்கி – நகரத்தார் தொழில் நடத்திய வணிக இல்லம்
பேரேடு – கணக்குகளைத் தலைப்பு வாரியாகத் தொகுத்தெழுதும் ஏடு
சுழியம் – பூச்சியம்

கருத்துணர்தல்
1. பழைய கணக்கு முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள முக்கிய வேறுபாடு யாது?
2. பெரிய நிறுவனங்கள் முதலில் இணைந்ததால் சிறு கடைகள் அடைந்த பயன் என்ன?
3. 'கால அவகாசம் வழங்குவது மட்டும் போதாது' எனும் கருத்தை ஏற்கிறீர்களா? காரணத்துடன் விளக்குக.