ஆக்சிஜன் உணரிக்கு ஒரு தேர்வு

பல பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி என்னும் சிறு கருவி உண்டு. 1976இல் சுவீடன் நாட்டு வால்வோ கார்களில் இது முதன்முதலாக இடம்பெற்றது. இதிலுள்ள சிர்கோனியாப் பீங்கான், சுமார் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானதும் ஒரு மின்கலம்போல் இயங்குகிறது. புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட் தரும். குறைந்தால் சுமார் 0.9 வோல்ட்.

0.1 என்றால் காரின் கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டும், 0.9 என்றால் குறைக்கும். ஆகவே உணரி நலமாக இருந்தால் மின்னழுத்தம் ஓயாமல் ஏறி இறங்க வேண்டும் அல்லவா?

சோதிப்பது எப்படி? இயந்திரம் நன்கு சூடானபின், மெக்கானிக் மின்தடை மிகுந்த டிஜிட்டல் வோல்ட்மீட்டரை இணைக்கிறார். எண் 0.45க்கு மேலும் கீழும் மாறிக்கொண்டே இருந்தால் கவலையில்லை. 0.1லேயே நின்றுவிட்டால்? உடனே உணரியைக் குறை கூறலாகாது! இயந்திரத்தினுள் மிகுதியான காற்று கசிந்து நுழையலாம். அப்போது உணரி உண்மையையே சொல்கிறது.

எனவே அவர் காற்று நுழையும் வழியில் சிறிது புரொப்பேன் வாயுவைச் செலுத்துகிறார். எண் சட்டென்று உயர்ந்தால் குறை வேறிடத்தில். உயராவிட்டால் உணரியே பழுது. அதன் பொய்யை நம்பிக் கணிப்பொறி பெட்ரோலைக் கொட்டினால், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பெருகும்.

எந்தக் கருவியையும் சோதிக்க வழி இதுதான்: விடை தெரிந்த ஒரு கேள்வியை அதனிடம் கேளுங்கள்!