களிமண் தரையைச் சுண்ணாம்பினால் இறுகச் செய்தல்

உறுவையாறு முதலிய வில்லியனூர்க் கொம்யூன் கிராமங்களிலும், தெற்கே பாகூர் ஏரிப் பாசனத்திலும், நெல்லுக்கு உகந்த களிமண் நிலங்கள் பல உள்ளன. இக்களி கோடையில் வாய்பிளந்து வெடிக்கும். ஐப்பசி மழை இறங்கியதும் பருத்துக் குழைந்துவிடும். பயிருக்கு இது பெருங்குறையன்று. ஆனால் இதே மண்ணின் மேல் நெற்களமோ, மாட்டுத் தொழுவமோ, விதை மூட்டை அடுக்கும் கொட்டகையோ அமைக்கும்பொழுது, போட்ட தளம் ஓரிரு மழைக்காலத்திற்குள் பிளவுபட்டுப் பயனற்றுப் போகிறது. களமில்லாதவர் சம்பா நெல்லைத் தார்ச் சாலையில் பரப்புகின்றனர். அதனால் மணி நொறுங்கி விலை குறைவதும், இரவில் வழிப்போக்கர் இடறி விழுவதும் நாம் அறிந்தனவே.

சிலர் இதற்குப் பரிகாரமாக மண்ணுடன் சிமெண்டைக் கலந்து பார்க்கின்றனர். இந்த யோசனை நமக்கு வடக்கேயுள்ள ஆரோவில் மேட்டிலிருந்து வந்தது. 1989-ஆம் வருஷத்தில் அங்குத் தோன்றிய மண் கட்டடக் கலை நிலையத்தார், நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு சிமெண்டு சேர்த்து அழுத்திய மண் கற்களால் மாடிக் கட்டடங்களும் கட்டியிருக்கின்றனர். ஆனால் அந்த மேட்டு மண் மணல் கலந்த செம்மண் என்பதைப் பார்த்து வந்தவர்கள் கவனிப்பதில்லை. சிமெண்டு மணலைப் பற்றிக்கொண்டு இறுகும் பொருள். ஈரக் களியில் இட்டால், கட்டிகளின் மேற்புறத்தைப் பூசி நிற்குமேயன்றி உட்புகாது. கட்டிகளை உடைத்து முடிப்பதற்குள் சிமெண்டும் இறுகத் தொடங்கிவிடும். செம்மண்ணுக்குச் சிமெண்டு, களிக்குச் சுண்ணாம்பு என்பதே மேற்படி நிலையத்தார் சொல்லும் முறையுமாகும்.

சுண்ணாம்பு களியில் செய்யும் வேலை இரண்டு வகைப்படும். களியின் நுண்துகள்கள் கவுளியில் அடுக்கிய வெற்றிலைகளைப் போல ஏடு ஏடாக அமைந்தவை. ஏடுகளின் இடையே நீர் புகும்பொழுது மண் பருக்கிறது. நீர் நீங்கினால் சுருங்கி வெடிக்கிறது. ஏடுகளின்மேல் சோடியம் மிகுந்திருந்தால் இக்குணம் இன்னும் அதிகம். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமரும். ஏடுகள் நெருங்கித் திரண்டு, பசைமண் பொலபொலவென்று உதிரும் மண்ணாகிறது. சில மணி நேரத்திற்குள் இதனைக் கையிலேயே உணரலாம். களர் நிலத்தில் ஜிப்சம் இடும்பொழுது நடப்பதும் இந்த முதல் வேலைதான். இரண்டாவது வேலை சுண்ணாம்புக்கே உரியது. அதன் கடுங்காரத்தில் களியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, கால்சியத்துடன் கூடிச் சிமெண்டில் உண்டாவதைப் போன்ற பசையாக மாறுகின்றன. இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடைபெறும். வெப்பம் இருந்தால் விரைவுபடும். ஆகையால் இவ்வேலைக்கு மாசி முதல் ஆனி வரையுள்ள காலமே ஏற்றது.

மண்ணைச் சோதியாமல் சுண்ணாம்பு வாங்கலாகாது. நூறு மில்லிலிட்டர் அளவுக் குறியிட்ட கண்ணாடிக் குழல்கள் இரண்டு எடுத்து, நன்கு காயவைத்துச் சலித்த மண்ணை ஒவ்வொன்றிலும் 10 கிராம் இடுக. ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் அசையாமல் வைக்கவேண்டும். மண்ணெண்ணெயில் களி பருப்பதில்லை, நீரில் பருக்கும். எண்ணெயில் படிந்த மண் 10 மில்லிலிட்டரும், நீரில் படிந்தது 17 மில்லிலிட்டரும் இருந்தால், பருமன் நூற்றுக்கு 70 கூடியதென்று பொருள். ஐம்பதுக்கு மேற்பட்ட மண்ணில் வெறுந்தளம் போடுவது காசைக் கரைப்பதாகும்.

வேண்டிய சுண்ணாம்பின் அளவு மண்ணுக்கு மண் வேறுபடும். பெரும்பாலும் காய்ந்த மண்ணின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு. இதனைக் கண்டறிய 1966-இல் ஈட்ஸ், கிரிம் என்ற இரு அமெரிக்கர் எளிய முறை ஒன்று வகுத்தனர். மண்ணின் பல மாதிரிகளில் வெவ்வேறு அளவு சுண்ணாம்பிட்டு நீர்விட்டுக் குலுக்கி, ஒரு மணி நேரம் சென்றபின், கார அளவு 12.4-ஐ எட்டும் மிகக் குறைந்த அளவைத் தேர்வதே அம்முறை. காரமானி உள்ள மண் ஆய்வுக்கூடத்தில் இதனைச் செய்யலாம்.

உதாரணமாக, 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் 15 சென்டிமீட்டர் கனத்திற்கு மண்ணைப் பக்குவம் செய்வதாகக் கொள்வோம். இறுகிய மண் நாலரைக் கன மீட்டர். கன மீட்டருக்கு 1,600 கிலோ வீதம் 7,200 கிலோ. நூற்றுக்கு 5 பங்கு என்றால் நீற்றின சுண்ணாம்பு 360 கிலோ வேண்டும். இது சொற்பச் செலவன்று. களம் பெரிதாயின் இருவர் மூவர் சேர்ந்து செய்துகொள்வது நலம்.

வேலை முறை வருமாறு. முதலில் மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்திற்கு வெட்டி அப்புறப்படுத்துக. இலைமக்கும் வேரும் கலந்த மண் சுண்ணாம்பை வீணாக்கும். அதன்கீழுள்ள களியைக் கொத்தி, கட்டிகளை உடைத்து, சுண்ணாம்பைச் சீராகத் தூவிப் புரட்டி, ஈரம் காட்டிக் குவித்து, சாக்கினால் மூடி ஒரு நாள் ஊறவிடுக. மறுநாள் கட்டிகள் எளிதில் நொறுங்குவதைக் காணலாம். மறுபடி புரட்டி, கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலில் நீர் ஒட்டாத பதத்தில், இரண்டு அடுக்காகப் பரப்பித் திமிசுக் கட்டையால் இடிக்கவேண்டும். உருளை கிடைத்தால் மேலானது. நீர் வடிய ஒரு புறம் சரிவு விடுவதை மறக்கலாகாது. பின்னர் ஒரு வாரத்திற்குக் குறையாமல் ஈர வைக்கோல் பரப்பிக் காத்து, ஒரு மாதம் வரை பாரம் ஏற்றாதிருப்பது உத்தமம். இவ்விதம் இறுகிய மண் பாரம் தாங்குமேயன்றி உராய்வைத் தாங்காது. ஆகையால் மேலே செங்கல் பாவவேனும், மெல்லிய காங்கிரீட்டுப் போடவேனும் வேண்டும்.

சுண்ணாம்பு புதிதாக இருத்தல் அவசியம். பிரித்துப் போட்ட மூட்டை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று வெறும் சாக்கட்டியாகிவிடும். விலை மலிவென்று பழைய மூட்டையை வாங்குவோர் வெள்ளைப் பொடியைத்தான் வாங்குகின்றனர். தூவுகிறவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதுடன் கண்ணாடியும் கையுறையும் அணியவேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் ஏராளமான நீரால் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். சுட்ட சுண்ணாம்புக் கட்டியை வயலிலேயே நீற்ற முயல்வது ஆபத்து.

இனி, எனது தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு குடியானவருடைய கொட்டகைத் தரைக்குச் சுண்ணாம்பு போதாதபடியால், களருக்கென்று வாங்கி மீந்திருந்த ஜிப்சம் மூட்டைகளையும் சேர்க்கும்படி நான் யோசனை கூறினேன். இரண்டிலும் கால்சியம்தானே என்பது என் எண்ணம். கோடையில் தரை பாறைபோல் இருந்தது. கார்த்திகையில் நீர் ஊறியதும் நடுவில் மேடு தட்டி, மேற்பாவிய செங்கற்களைத் தூக்கிவிட்டது. ஜிப்சத்திலுள்ள கந்தகச் சத்து, சுண்ணாம்புடனும் களியிலுள்ள அலுமினாவுடனும் நீருடனும் கூடி, இடம் மிகப் பிடிக்கும் ஊசிப் படிகங்களாக வளர்ந்ததே காரணம். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலையில், சல்பேட்டு உள்ள களிக்குச் சுண்ணாம்பிட்டதால் இதே விதமாகத் தரை பொங்கியதை 1986-இல் மிச்சல் என்ற மண் பொறியியலறிஞர் விவரித்திருக்கிறார். அதனை முன்பே படித்திருந்தால் அந்தக் குடியானவரின் செலவு மிஞ்சியிருக்கும். ஜிப்சம் இட்டுவந்த வயலின் ஓரத்திலோ, உப்புப் பூக்கும் இடத்திலோ களம் அமைக்கக் கருதுவோர், சல்பேட்டுச் சோதனை செய்யாமல் சுண்ணாம்பைத் தொடவே கூடாது.

அரிசி ஆலை உமிச்சாம்பலைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்கின்றனர். மணல் மிகுந்து களி குறைந்த மண்ணில், சுண்ணாம்புடன் கூடுவதற்குரிய சிலிக்காவை அது தருவதால் நன்மையுண்டு. களி மிகுந்த மண்ணில் அவ்வளவு தேவையில்லை. மிதமான சூட்டில் எரிந்து வெளுத்த சாம்பலே உதவும். கொதிகலனிலிருந்து வரும் கருஞ்சாம்பலில் கரி மிகுதி.

குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்திற்கு இம்முறையை நம்பலாகாது. களியின் அசைவு மேற்பரப்போடு நில்லாமல் பல அடி ஆழம் செல்லும். பக்குவம் செய்த ஒரு சாண் மண் அதன்மேல் மிதப்பதற்கு ஒப்பாகும். அங்கே அசைவற்ற ஆழம் வரை இறங்கி, அடியில் குடம்போல் விரியும் காங்கிரீட்டுத் தூண்களைப் பொறியாளர் யோசனைப்படி அமைப்பதே முறை.

சுண்ணாம்பு நீர் குளத்திலோ நாற்றங்காலிலோ வடியாதபடி வேலையின்போது வரப்புக் கட்டிக்கொள்க. முதலில் வெட்டி ஒதுக்கிய மேல்மண்ணைக் குப்பையாக எண்ணிக் கொட்டிவிடாமல், சுண்ணாம்பு படுவதற்கு முன்பே வண்டியிலேற்றித் தென்னையடிக்கோ காய்கறிப் பாத்திக்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.